போகியன்று நான் தூக்கிப் போட்ட எழுத்து

கழட்டிப் பார்க்க முடியாத சாமான் எதையும் நான் நம்பமாட்டேன். அது என் புத்தி. நல்ல புத்தியா கெட்ட புத்தியா என்று என் மனைவியைக் கேட்டால் அரை நாள் பேசுவாள். கல்யாணமான புதிதில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மிக்சியை, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று கழட்டினவன் நான். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. அந்தத் திருகு இன்னும் அவளுடைய அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் ரொம்ப வாய் நீட்டினால் எடுத்துக் காட்டுவாள்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. வீடு கள்ளிக்குப்பத்தில். சில வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு பெரிய மிஷின் நின்றுபோனது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதை ஓட்டுகிற சாப்ட்வேர் திடீரென்று ஏதோ பாஸ்வேர்டு கேட்டது. அது மிஷினை விற்றவனிடம்தான் இருக்கிறதாம். அவன் எங்கேயோ வெளிநாட்டில் லீவில் இருக்கிறானாம். நாலு நாள் அந்த மிஷின் முன்னால் நின்றேன். கையில் ஸ்பானர் இருக்கிறது, மண்டையில் மூளை இருக்கிறது, கண்ணெதிரே மிஷின் இருக்கிறது, ஆனால் தொடக்கூடாது! அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

அந்தக் கோபத்தை நான் வீட்டு லேப்டாப் மேல்தான் காட்டினேன். அதில் அதற்கு முன்பே லினக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்த்து, திருத்தி, அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற கட்டற்ற மென்பொருள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் ஆவடியில் இருக்கிற என் நண்பர். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூடி, கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வோம். ஒருநாள் என் லேப்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன வே, வாய் கிழியப் பேசுதீரு. உம்ம பெட்டிக்குள்ளேயே பூட்டுப் போட்ட சாமான் ஏழெட்டு கெடக்கே. இந்த ஒய்-பைக்கு உள்ள என்ன ஓடுதுன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். லினக்ஸாகவே இருந்தாலும், வசதிக்காக, உள்ளே பார்க்க விடாத மூடின சாமான் சிலதைச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அதெல்லாம் துளியும் இல்லாத, முழுக்க முழுக்கக் கட்டற்ற லினக்ஸ் வகைகள் சில உண்டு. அதற்கு மாறிவிடுவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு கட்டிவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் என்று நண்பர் சொன்னார். நான் கேட்கவில்லை. இருக்கிற சிஸ்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அது நெட்டில் சாப்ட்வேர் எடுக்கிற கிடங்கின் முகவரியை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கிற மூடின சாமானை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியலாம். குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணாமலே வீட்டு ஓனரை மாற்றுகிற வேலை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

நாள் கிடைத்தது போகி அன்றைக்கு. கம்பெனி லீவு. விடிந்ததிலிருந்தே தெருவெல்லாம் புகையும் பனியும். பொடிசுகள் மேளத்தைத் தட்டித் தட்டி காதைப் பிய்த்தார்கள். வீட்டுக்குள்ளே என் மனைவி புடைவையைச் செருகிக்கொண்டு, பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பாய், கைப்பிடி போன பக்கெட், எதற்கோ வாங்கிய டப்பா. எரிக்கக் கூடாது, குப்பை வண்டி வரும், அதில் போடுங்கள் என்று கார்ப்பரேஷன் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள்.

"யோவ், உன்னுது தூக்கிப் போட இன்னா கீது?" என்றாள்.

"நானும் போகிதாம்மே பண்ணிகினு கீறேன். என்னுது உள்ள கீது" என்று லேப்டாப்பைக் காட்டினேன்.

"ஆங், இதுக்கும் ஒரு திருகு மிச்சம் வெக்கப் போற."

சொன்ன வாய் முகூர்த்தம். முகவரியை மாற்றினேன். புதுக் கிடங்கிலிருந்து எல்லாம் இறங்கி முடிய மதியமாகிவிட்டது. சிஸ்டத்தில் எதெல்லாம் மூடின சாமான் என்று பட்டியல் போடுகிற ஒரு நிரல் இருக்கிறது. அதை ஓட்டினேன். பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாக நீக்கினேன். அந்த நாலு நாள் மிஷின் முன்னால் நின்றதற்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்குகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அணைத்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் திரை அழகாக வந்தது. ஒய்-பை வரவில்லை. அதன் சில்லுக்குள் போக வேண்டிய மூடின சாமானைத்தான் நான் வெளியே எறிந்துவிட்டேனே.

மனைவி எட்டிப் பார்த்தாள். "போச்சா?"

"போகல. சுதந்திரம் வந்துருச்சு."

"நெட்டு வர்லியே?"

"அது வேற, இது வேற."

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுத்துக்கொண்டேன். நண்பரிடம் பூட்டில்லாத ஒய்-பை குச்சி ஒன்று சும்மா கிடந்தது. பொங்கலுக்கு மறுநாள் வாங்கி வந்து செருகினேன். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. பிரச்சினை அது இல்லை.

போகி அன்றைக்கே, பட்டியலோடு நிறுத்தாமல், கையாலும் துழாவினேன். என் சொந்தப் பைல்களுக்கு நடுவே எழுத்துருக்கள், அதாவது ஃபான்ட்டுகள், கிடக்கிற ஃபோல்டர் ஒன்று இருந்தது. நான் எப்போதோ பழைய கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாகக் கொட்டிவைத்தது. புரியாத பேர்கள். எவன் செய்தது, எந்த அனுமதியில் வந்தது, ஒன்றுக்கும் துண்டுக் காகிதம் இல்லை. எல்லாம் திருட்டு எழுத்துரு. தூக்கு! அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒரு சி.டி. கீது. சென்டர்ல குட்த்தது. வேணுமா?"

நான் தலையைத் திருப்பக்கூட இல்லை. "சி.டி.ய எதுல போடுவ? தூக்கிப் போடு" என்றேன். வண்டி வந்தது. போய்விட்டது.

அந்த சென்டர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். என் மனைவி தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். அந்த சென்டரில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிற வேலை அவளுக்கு. எங்கள் பெண் வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதம் வரைக்கும் வேலைக்குப் போனாள். இன்றைக்கு அந்த இடத்தில் பிரியாணிக் கடை.

இப்போது அந்தப் பெண்ணுக்கே ஏழாம் மாதம். திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவளாக வந்து உட்கார்ந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"பிரின்ட் எடுக்கணும். நம்ம ஊட்டு பொட்டியில ஒரு பைல் கீது. உனுக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டே போனாள். பெண் வயிற்றில் இருந்த மாதங்களில், மதியச் சாப்பாட்டு வேளையில், சென்டர் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து வைத்தாளாம். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி. இன்று என்ன சாப்பிட்டேன், எப்போது உதைத்தாய், மழையில் ரயில் நின்று எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று. பிளாப்பியில் எடுத்து வந்து, அப்புறம் சி.டி.யில் ஏற்றி, நாங்கள் முதல் கம்ப்யூட்டர் வாங்கியதும் அதில் போட்டு, அதிலிருந்து இந்த லேப்டாப் வரைக்கும் வந்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மகள் பிள்ளை உண்டாகும்போது கொடுக்கலாம் என்று வைத்திருந்தாளாம். வளையலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

காபியைக் கீழே வைத்துவிட்டுப் பைலைத் திறந்தேன்.

திரை நிறைய இங்கிலீஷ் எழுத்து. அதுவும் இங்கிலீஷ் இல்லை. அரைப்புள்ளியும் காற்புள்ளியும் கலந்து, பூனை விசைப்பலகை மேல் நடந்துபோன மாதிரி. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு அப்படித்தான். உள்ளே பதிவாவது இங்கிலீஷ் எழுத்து. மேலே அந்த எழுத்துரு முகமூடி மாதிரி உட்கார்ந்து தமிழாகக் காட்டும். இப்போது இருக்கிற யூனிகோடு மாதிரி தமிழுக்கென்று பொதுவான எண் கிடையாது. ஒவ்வொரு சென்டரும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. முகமூடி போனால் முகமும் போச்சு. அந்த முகமூடியைத்தான் நான் போகியன்று தூக்கிப் போட்டிருந்தேன்.

"இன்னா இது?" என்றாள்.

சொன்னேன். எழுத்துருவை அழித்ததைச் சொன்னேன். அதே எழுத்துரு இருந்த சி.டி.யும் குப்பை வண்டியில் போனது அவளுக்கே நினைவு வந்தது. திரையை இன்னொரு தடவை பார்க்கக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் பத்து மாசத்தத் தூக்கிப் போட்டியாய்யா?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதைச் செய்யவில்லை. கத்தினேன். "முன்னமே சொல்றதுக்கு இன்னா? எனுக்கு இன்னா ஜோசியமா தெரியும்? இருபத்தாறு வருஷம் வாய மூடிகினு இருந்துட்டு இப்ப வந்து நிக்கிற!" தப்பு முழுக்க நம்முடையதாக இருக்கும்போதுதான் குரல் அப்படி உயரும். அவள் சமையல்கட்டுக்குப் போனாள். பாத்திரம் உருட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அஞ்சறைப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அழித்ததை மீட்கிற நிரல்களை ஓட்டினேன். கிடைக்கவில்லை. கொள்கையாவது கத்தரிக்காயாவது, அந்தத் திருட்டு எழுத்துரு கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பப் போட்டிருப்பேன். ஓ.டி.க்குப் போய் பிரியாணிக் கடைக்காரரிடம் பழைய சென்டர்காரர் எங்கே என்று விசாரித்தேன். அவருக்குத் தெரியவில்லை. ஆவடிக்கு ஓடினேன். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுகிற நிரல் நண்பரிடம் இருந்தது. அதில் எங்கள் எழுத்துருவின் பெயர் இல்லை. இருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றிரண்டில் தமிழ் எழுத்து தலைகாட்டியது, சொல்லாகச் சேரவில்லை.

நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீபோர்டுல எந்த எழுத்து எந்தச் சாவியில இருந்துச்சுன்னு அட்டவணை வேணும் வே. அது மட்டும் இருந்தா நானே அரை நாள்ல நிரல் எழுதித் தாரேன். அத அடிச்சவங்களக் கேட்டீரா?"

"அவ எங்கிட்ட பேசினாத்தானே!"

"அப்ப மொதல்ல அத சரி பண்ணும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பைலின் முதல் பக்கத்தை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எது அதிகமாக வருகிறது, எது சொல் முடிவில் வருகிறது என்று எண்ணிப் பார்த்து ஊகிக்கலாம் என்று ஒரு நப்பாசை. அவள் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளாக என்னிடம் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது.

"தப்புதாம்மே" என்றேன். "கேட்டிருக்கணும். பொட்டியாண்ட எல்லாத்தையும் கேட்டேன், எது மூடினது, எது தொறந்ததுன்னு. உங்கிட்ட கேக்கல."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஆய்கிற கை நின்றது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. 'அ' எந்தச் சாவி?"

"தெர்யாது" என்றாள். "யோசிச்சா வர்லை. அதெல்லாம் எவனுக்கு நெனப்பு கீது."

"சரி, யோசிக்காத. அம்மான்னு அடி. சும்மா மேசை மேல அடி."

முறைத்தாள். அப்புறம், என் தொல்லை தாங்காமல், கீரைக்காம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசை மேல் வைத்தாள். விரல்கள் தானாக வளைந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. நான் அந்தக் கைகளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வலது கை மட்டும் ஆடியது. ஆள்காட்டி விரல் கீழே இறங்கி ஒரு தட்டு. நடுவிரல். சுண்டுவிரல். திரும்ப நடுவிரல். ஆள்காட்டி பக்கவாட்டில் நகர்ந்து ஒரு தட்டு.

லேப்டாப்பை அவள் கைக்குக் கீழே தள்ளினேன். "இதுல அடி."

அடித்தாள். திரையில் வந்தது: mk;kh.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். முதல் வரி, முதல் சொல். mk;kh. அதேதான். அச்சுப் பிசகாமல் அதேதான்! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். "அம்மான்னு எழுதிகீது! மொத சொல்லே அம்மான்னு எழுதிகீது!"

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணால் படிக்க வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அது எந்த விரல் என்று மேசையில் தட்டி, தட்டின விரல் சொல்வதை வாயால் சொன்னாள். "அம்... மா... எழுது... றேன்." நிறுத்தினாள். "அம்மா எழுதுறேன்." அதற்கு மேல் முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் இரண்டு பேரும் கீரைக்கு நடுவே உட்கார்ந்து அழுதோம்.

அப்புறம் வேலை. ககர வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். நான் எழுத்தைச் சொல்வேன், அவள் யோசிக்காமல் அடிப்பாள், நான் அட்டவணையில் எழுதுவேன். யோசித்தால் தப்பாக வரும். அதனால் அவள் யோசிக்காமலிருக்க நான் ஏதாவது வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தேன். உன் தம்பி கல்யாணத்துல ரசம் உப்பு என்றேன். திட்டிக்கொண்டே 'டு' அடித்தாள், சரியாக. மூன்று மணிக்குள் அட்டவணை முடிந்தது. ஆவடிக்கு அனுப்பினேன். நண்பர் மூச்சு விடாமல் நிரலை எழுதி, சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள் அனுப்பிவிட்டார். ஓட்டினேன். நாற்பத்தொரு பக்கம், எல்லாம் தமிழாக, எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்தப் போனிலும் திறக்கிற தமிழாக வந்து நின்றது.

"பார்த்தியா, அந்த எழுத்துரு இருந்திருந்தா இது அதுக்குள்ளயே மாட்டிகினு இருந்திருக்கும். இனிமே யாரும் பூட்ட முடியாது" என்று ஆரம்பித்தேன்.

"உன் நியாயத்த நீயே வெச்சுக்கோ. எட்டிப் பாக்காத, அந்தாண்ட போ" என்றாள். அச்செடுக்கும்போதுகூட என்னைத் தாளின் பின்பக்கம்தான் பார்க்க விட்டாள்.

மறுநாள் திருநின்றவூர். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல். பெண்ணுக்குக் கன்னத்தில் சந்தனம், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கடைசியாக என் மனைவி போய் வளையல் போட்டுவிட்டு, நூலால் தைத்த அந்தத் தாள்களை மடியில் வைத்தாள். இன்னது என்று காதில் சொன்னாள். பெண் அங்கேயே பிரித்துவிட்டாள். ஒரு பக்கத்தில் கண்ணை ஓட்டியவள் குபீரென்று சிரித்து, "நைனா, உன்னப் பத்தி எழுதிகீது, கேளு" என்று எல்லோருக்கும் கேட்கப் படித்தாள்.

"உங்க நைனாவுக்கு மூக்கு மேல கோபம். ஆனால் எதையும் தூக்கிப் போடத் தெரியாத மனுஷன். அறுந்துபோன என் செருப்பை மூன்று தடவை தைத்துக் கொடுத்துவிட்டார். நேற்று என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே இன்னா நடக்குதுன்னு கழட்டிப் பாக்க முடியலையே என்று வருத்தப்பட்டார். நீ பத்திரமான இடத்துக்குத்தான் வரப்போகிறாய்."

சபை சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"இத்தினி வருஷம் இத எங்கம்மா வெச்சிருந்த?" என்று பெண் கேட்டாள்.

இதோ, இப்போது சொல்லிவிடுவாள் என்று இருந்தேன். சொன்னால் நியாயம்தான்.

"நான் எங்க வெச்சேன்?" என்றாள் என் மனைவி, பெண்ணின் வளையலைச் சரிசெய்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல். "உங்க நைனாதான் பத்திரமா வெச்சிருந்தாரு."

என் முகத்தை யாரும் பார்ப்பதற்குள் எழுந்து பந்தலுக்கு வெளியே போனேன். ஓரத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, பாக்கெட்டிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழட்டினேன். திரும்பப் பூட்டும்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஒரு திருகு மிச்சமாகிவிட்டது.